ஏழு மாதப் பயணம் முடிந்தது. பின்பக்கத்தில் எழுதிய மொய்யை எப்படித் திருப்பிச் செய்வது?

குறுக்குத்துறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஐப்பசியில் முதுகுப்பையோடு பினாங்கில் இறங்கிய நான், தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா என்று தரை வழியிலும் ஆற்று வழியிலும் ஏழு மாதம் சுற்றிவிட்டு, கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம் ஏறி, அங்கிருந்து பேருந்து பிடித்து ஊர் வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. புறப்படும் முன் விசா பற்றியும் செலவு பற்றியும் நான் கேட்டவற்றுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள். முடிந்த பிறகு எழுந்திருக்கும் கேள்வியையும் உங்களிடமே கொண்டுவருகிறேன்.

பையைக் கவிழ்த்துத் தட்டியபோது கணக்கு நோட்டு கையில் வந்தது. முன்பக்கத்திலிருந்து செலவுக் கணக்கு இருக்கிறது. விமானக் கட்டணம் உட்பட 3,86,000 ரூபாய். பின்பக்கத்திலிருந்து வேறொரு கணக்கு எழுதி வந்திருக்கிறேன். காசு வாங்காமல் யார் எனக்கு எதைக் கொடுத்தார்கள் என்பது அது. மொத்தம் 41 வரிகள். அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது மொய் நோட்டுதானே, இதையெல்லாம் எப்போது திருப்பிச் செய்யப் போகிறாய்?” என்று கேட்டார். என் தங்கை திருமணத்து மொய் நோட்டுகள் இரண்டும் அம்மாவின் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்கின்றன. எந்த வீட்டு விசேஷத்துக்குப் புறப்பட்டாலும் முதலில் அந்த நோட்டைத்தான் எடுத்துப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் மனதார அந்தக் கேள்வியைக் கேட்டார், எனக்குப் பதில் வரவில்லை.

சில வரிகளை இங்கே தருகிறேன். லாவோஸின் ஹுவாய்சாயிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு மீகாங் ஆற்றில் மெதுபடகில் போக இரண்டு நாள் ஆகும். இடையில் பாக்பெங் என்னும் சிற்றூரில் இரவு தங்க வேண்டும். முதல் நாள் மதியம் நான் உணவு கொண்டுவரவில்லை என்பதைக் கவனித்த படகோட்டியின் மனைவி, மூங்கில் கூடையிலிருந்த ஒட்டரிசிச் சோற்றில் பாதியை என் முன் வைத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் தன் வேலைக்குப் போய்விட்டார். வியட்நாமின் லாவோ காய் மாநிலத்தில் தங்கிய ஒரு வீட்டில், 2024 செப்டம்பரில் அடித்த யாகி புயலின்போது சேறு ஏறிய உயரத்தைச் சுவரில் காட்டினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நம் திருநெல்வேலி வண்ணார்பேட்டை இருந்த கோலத்தைக் கைப்பேசியில் நான் காட்டினேன். அந்த வீட்டுக்காரர் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, மறுநாள் காலை அறை வாடகையை வாங்க மறுத்துவிட்டார்.

இந்த நோட்டில் மிக நீளமான வரி திங் யென் ஊருடையது. மீகாங் கழிமுகத்தில், ஹாவ் ஆற்றங்கரையில், டோங் தாப் மாநிலத்தில் இருக்கும் பாய் நெசவு ஊர் அது. நம் பத்தமடையை அறிந்தவனுக்கு அந்தத் தெருவில் காய்ந்துகொண்டிருந்த கோரைக் கற்றைகளைப் பார்த்ததும் கால் நகரவில்லை. ‘லாக்’ என்று அவர்கள் சொல்லும் அந்தக் கோரையைச் சாயமேற்றி, தறியில் ஒருவர் நீண்ட குச்சியால் கோரையைச் செலுத்த, இன்னொருவர் அச்சுக்கட்டையை அடித்து நெருக்குகிறார். இப்போது பல வீடுகளில் இயந்திரத் தறிதான் ஓடுகிறது. நான் நின்ற வீட்டில் கைத்தறி இருந்தது. வேடிக்கை பார்க்க நின்றவனை உள்ளே அழைத்து, மூன்று இரவு தங்கவைத்து, மீன் குழம்பும் சோறும் போட்டு, கிளம்பும்போது ஒரு சிறு பாயையும் சுருட்டிக் கையில் கொடுத்தார் அந்த வீட்டுப் பாட்டி. எல்லோரும் அவரை ‘பா நம்’ என்று அழைத்தார்கள். ‘பா’ என்றால் பாட்டி, ‘நம்’ என்றால் ஐந்து. வியட்நாமின் தெற்கில் மூத்த பிள்ளையை இரண்டு என்றே எண்ணத் தொடங்குவதால், ஐந்து என்று அழைக்கப்படுபவர் உண்மையில் நான்காவதாகப் பிறந்தவர். அவருடைய இயற்பெயரை நான் கேட்காமலேயே வந்துவிட்டேன் என்பது சைகோனுக்குத் திரும்பும் பேருந்தில்தான் உறைத்தது.

நீண்ட பயணம் முடிந்தால் ஒரு சோர்வு வரும், மீண்டும் போகத் தோன்றும், பிறகு பழகிவிடும் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இருப்பது அதுவன்று என்று நினைக்கிறேன். மீண்டும் பை தூக்கும் ஆசை இப்போது இல்லை. விருந்துக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதாமல் எழுந்து வந்தவனைப் போலக் கூசுகிறது. திரும்பி வந்தவர்கள் இதை என்ன செய்தீர்கள்?

---

அம்பை ஆசிரியர் எழுதியது:

தம்பி, நலமாக ஊர் வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சி. உங்கள் அம்மா கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அவர் வைத்த பெயர் பொருந்தாது என்பது என் எண்ணம். மொய் என்பது மறுபடி சந்திக்கப் போகிறவர்களுக்கு இடையே நடப்பது. இன்றைக்கு உங்கள் வீட்டுப் பந்தல், நாளைக்கு அவர்கள் வீட்டுப் பந்தல் என்ற உறுதி இருப்பதால்தான் அதை எழுதி வைக்கிறோம். படகில் சோறு வைத்த பெண்மணிக்கு உங்களை மறுபடி பார்ப்போம் என்ற நினைப்பே இருந்திருக்காது.

நம் பக்கத்துச் சாலைகளில் சுமைதாங்கிக் கல் இருந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருபவர், இறக்கித் தூக்கிவிட இன்னொருவர் உதவி இல்லாமலே, நின்ற நிலையில் சுமையை அதன்மேல் தள்ளிவிட்டு இளைப்பாறலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அந்த வீட்டார் அதை நட்டார்கள். இறக்காமலே போன சுமைக்காக, வழியில் வரும் எவருடைய சுமையையோ இறக்க ஒரு கல். அதில் இளைப்பாறியவர்கள் அந்த வீட்டைத் தேடிப் போய் நன்றி சொன்னார்கள் என்று நான் கேள்விப்பட்டதில்லை. மங்கம்மாள் சாலையோரத்துச் சத்திரங்களில் சாப்பிட்டவர்களும் அப்படித்தான். வழியில் கிடைப்பது வழிக்கே உரியது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கணக்கில் வைத்தால் கொடுத்தவரின் கொடையைச் சிறுக்கவைப்பதாகும்.

---

மேலப்பாளையம் வழிப்போக்கர் எழுதியது:

ஆசிரியர் ஐயா எழுதியது மனதுக்கு இதமாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. வழியில் கிடைப்பது வழிக்கே என்று வைத்துக்கொண்டால், பை தூக்கியவனுக்கு அது மிகவும் வசதியான கொள்கையாகிவிடும். கொடுத்தவர் யார், அவர் வீட்டில் அன்றைக்கு எவ்வளவு அரிசி இருந்தது என்பதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

நான் 2018-இல் துருக்கி, ஜார்ஜியா, ஈரான் நாடுகளில் ஐந்து மாதம் திரிந்தேன். ஈரானில் தாரொஃப் என்று ஒரு மரியாதை முறை உண்டு. கடைக்காரரோ வாடகைக் கார் ஓட்டுபவரோ, எவ்வளவு என்று நாம் கேட்டால், “உங்களுக்கு முன் இது ஒரு பொருட்டல்ல” என்ற பொருளில் காசு வேண்டாம் என்பார். நாம் மறுபடி வற்புறுத்த வேண்டும், அவர் மறுபடி மறுப்பார், மூன்றாவது முறை தொகையைச் சொல்லுவார். இது தெரியாமல், வந்த முதல் வாரத்தில் இஸ்ஃபஹானில் ஒரு வயதான காரோட்டி வேண்டாம் என்றதும் நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லிவிட்டு இறங்கி நடந்துவிட்டேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை. விஷயம் தெரிந்த அன்றைக்கு அந்தத் தெருவில் போய் இரண்டு மணி நேரம் நின்றேன், அவர் அகப்படவில்லை. நம் ஊரிலும் ‘சாப்பிடுகிறீர்களா’ என்று கேட்டவுடன் ‘ஆமாம்’ என்று யாரும் உட்காருவதில்லையே. முதல் மறுப்பு மரியாதைக்கு, இரண்டாவதுதான் உண்மை என்று நமக்குத் தெரியும். அந்த அறிவை எல்லை தாண்டும்போது நான் ஏன் விட்டுவிட்டுப் போனேன் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே குறுக்குத்துறைத் தம்பியிடம் நேரடியாகவே கேட்கிறேன். அந்த 41 வரிகளில் எத்தனை உண்மையான கொடை, எத்தனை மரியாதைக்காகச் சொன்ன மறுப்பு? இரண்டாவது வகை இருந்தால் அது மொய் அன்று, பாக்கி.

---

குறுக்குத்துறை எழுதியது:

அண்ணாச்சி, நீங்கள் கேட்டதை ஒவ்வொரு வரியாக வைத்துப் பார்த்தேன். ஆறேழு இடங்களில் எனக்கு இப்போது ஐயம் வருகிறது. தாய்லாந்தின் ஹாட்யாயில் மழையில் நனைந்தவனுக்கு மாற்றுச் சட்டையைக் கொடுத்த கடைக்காரர், விலை வேண்டாம் என்று ஒருமுறைதான் சொன்னார். நானும் ஒருமுறைதான் கேட்டேன்.

பா நம் வீட்டில் அப்படி இல்லை. நான் மூன்று முறை கொடுத்துப் பார்த்து, அவர் வாங்காததால், ஐந்து லட்சம் டாங் தாளைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் புறப்பட்டேன். நம் பணத்தில் அது ஏறத்தாழ 1,700 ரூபாய். படகுத்துறையில் நிற்கும்போது பேரன் மோட்டார் சைக்கிளில் பாட்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தான். அவர் இறங்கி வந்து, என் சட்டைப் பையில் தாளைச் செருகி, பொத்தானையும் தாமே போட்டுவிட்டார். முகத்தில் கோபம் இருந்தது. அது மரியாதைக்கான மறுப்பாக இருக்க முடியாது.

---

செந்தூர் ரயிலில் வந்தவள் எழுதியது:

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். வெளிநாடு போனவள் இல்லை நான். இருந்தாலும் இதில் சொல்ல எனக்கு ஒன்று உண்டு.

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயிலில் நான் இருந்தேன். ஸ்ரீவைகுண்டத்தில் வண்டியை நிறுத்தினார்கள். முன்னால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த சரளைக் கற்களையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. வண்டியில் சுமார் 800 பேர். சிலரை முதலில் ஒரு பள்ளிக்கு அழைத்துப் போனார்கள், அதற்குள் சாலையும் அறுந்தது. எஞ்சியவர்கள் நிலையத்திலேயே மாட்டிக்கொண்டோம். கைப்பேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது என்பதெல்லாம் பிறகு செய்தியில் படித்ததுதான்; அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது சுற்றிலும் தண்ணீர் என்பது மட்டுமே.

பக்கத்தில் புதுக்குடி என்ற ஊர். அவர்கள் ஊரிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்திருந்தது. அப்படியிருந்தும் வீடு வீடாக அரிசி சேர்த்து, கோயிலில் அடுப்பு மூட்டிச் சமைத்து எங்கள் எல்லோருக்கும் போட்டார்கள். எனக்குச் சோறு போட்ட பெண்மணியின் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. நான் கைக்குழந்தையோடு இருந்ததைப் பார்த்து, எங்கிருந்தோ ஒரு தம்ளர் பாலும் கொண்டுவந்தார்.

தை மாதம் கணவரோடு அந்த ஊருக்குப் போனேன். ஒரு மூட்டை அரிசியும் நான்கு சேலைகளும் கொண்டுபோனேன். விசாரித்து அந்தப் பெண்மணியையும் கண்டுபிடித்துவிட்டேன். இதை எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை: அவருக்கு என்னை நினைவில்லை. குழந்தையைக் காட்டினேன், பால் கொடுத்ததைச் சொன்னேன். “எத்தனையோ பேருக்குக் கொடுத்தோம், யார் யாரென்று பார்த்தோமா தாயே” என்று சொல்லி, எங்களை உட்காரவைத்து மறுபடியும் சாப்பாடு போட்டார். அரிசியைக் கோயிலில் கொடுக்கச் சொல்லிவிட்டார். சேலைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார், அதுவும் நான் அழுதுவிடுவேன் என்று பார்த்துத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

மொய் என்றால் இரண்டு வீட்டிலும் நோட்டு இருக்கும். இங்கே நோட்டு என்னிடம் மட்டுமே இருந்தது. திருப்பிச் செய்யப் போன நான் இன்னொரு வரியை எழுதிக்கொண்டுதான் திரும்பினேன். தம்பி, உங்கள் பா நம் உங்களை நினைவில் வைத்திருக்கலாம், வைத்திருக்காமலும் போகலாம். அதை எதிர்பார்த்து எதுவும் செய்யாதீர்கள். ஆனால் செய்யுங்கள். நான் போனதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை.

---

மேலப்பாளையம் வழிப்போக்கர் எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, பாக்கி என்ற சொல்லை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இஸ்ஃபஹான் காரோட்டிக்கு மட்டும் அது பொருந்தும்.

---

கடையநல்லூர் பேரன் எழுதியது:

எங்கள் ஊரிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகாத குடும்பம் குறைவு. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் 1970-களின் தொடக்கம் வரை சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடியது. என் பாட்டனார் அதில்தான் போனார். இறங்கிய வாரமே காய்ச்சலில் விழுந்தவரை, மொழி தெரியாத ஒரு சீனக் குடும்பம் இருபது நாள் கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொண்டது. எழுந்து வேலைக்குப் போய், முதல் சம்பளத்தோடு தேடிவந்தபோது அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். ஊர் திரும்பிய பிறகும் சாகும் வரை, வெளியூரார் யார் காய்ச்சலென்று பள்ளிவாசல் திண்ணையில் படுத்திருந்தாலும் அவருக்கு எங்கள் வீட்டுக் கஞ்சிதான். பாட்டிக்கு இதில் அலுப்பு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், அடுப்பு அவருடையது அல்லவா.

பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கம் போனீர்களா, தம்பி? 1801-இல் தொடங்கிய பள்ளி அது. அந்தத் தெருக்களில் இன்றும் நம் பக்கத்துப் பேச்சைக் கேட்கலாம்.

---

நாங்குநேரி டீக்கடை எழுதியது:

நான்குவழிச் சாலையில் கடை வைத்திருக்கிறேன். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை சைக்கிளில் போகிறவர்கள் கார்த்திகை முதல் மாசி வரை என் கடையைக் கடந்துதான் போவார்கள், வெளிநாட்டாரும் உண்டு. கஞ்சி கொடுத்த பாட்டனாரைப் போல யாராவது இங்கே செய்ய நினைத்தால், என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்லுகிறேன். அவர்கள் இலவசச் சாப்பாட்டைத் தேடி வருவதில்லை. குளிக்க ஒரு மறைவான இடம், பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, கைப்பேசிக்கு மின்சாரம், சைக்கிளைப் பயமில்லாமல் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கண்ணயர நிழல், இவைதான் வேண்டும். கடைக்குப் பின்னால் ஒரு குளியலறை கட்டி, தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். யாரும் சொல்லிக் கட்டவில்லை. சென்ற ஆண்டு ஒரு பெண் கேட்டபோது இல்லையென்று சொல்ல நேர்ந்தது, அதனால் கட்டினேன்.

---

பத்தமடை மருமகள் எழுதியது:

திங் யென் பாயைப் பற்றி எழுதியவரிடம் எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன. அந்தக் கோரையைக் கீறுகிறார்களா, முழுத் தண்டாகவே நெய்கிறார்களா? பாவுக்கு என்ன நூல்? நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து மாமியாரிடம் நெசவு கற்றுக்கொண்டவள். எங்கள் நயமான பாய்க்கு, காய்ந்த கோரையைக் கட்டிக் கல்லேற்றி ஓடுகிற தண்ணீரில் சில நாள் ஊறப் போடுவோம். அது நன்றாக உப்பிய பிறகு எடுத்து உலர்த்தி, மெல்லிசாகக் கீறி நெய்வோம். பட்டுப்பாய் என்று சொல்வதில் பாவு நூல் 100-க்கும் மேல் போகும். கைக்குட்டை போல மடிக்கலாம். ஒரு பாய்க்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டியிருப்பதால் நெய்கிற கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

நான் சொல்ல வந்தது இது. பாய் கொடுத்தவருக்குப் பாயே அனுப்பலாம். முழுப் பாயைச் சுருட்டினால் தபாலில் அனுப்ப நீளம் இடிக்கும்; ஒருவர் உட்காருகிற அளவில் தடுக்கு நெய்து அனுப்பலாம். இங்கே கல்யாணப் பாயில் பெண், மாப்பிள்ளை பெயரை நெய்து கொடுப்பது வழக்கம். அந்தப் பாட்டியின் பெயரைச் சொன்னால் தமிழிலேயே நெய்து தருகிறேன். பாயை வாங்கிப் புரட்டுகிற கை எப்படி நெய்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும்.

---

குறுக்குத்துறை எழுதியது:

அக்கா, அவர்கள் கோரையைக் கீறாமல் முழுத் தண்டாகவே நெய்கிறார்கள். அதனால் பாய் தடிப்பாக இருக்கும், நாளுக்குப் பல பாய்கள் முடிக்கிறார்கள். பாவு சணல் போன்ற முறுக்கு நூல். அவர் தந்த பாயை நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன்.

கடையநல்லூர் அண்ணாச்சி, பள்ளிவாசலுக்குப் பின்புறத் தெருவில்தான் முதல் வாரம் தங்கினேன். அங்கே எனக்கு இலவசமாகச் சாயா ஊற்றிக்கொடுத்த பெரியவர் நோட்டில் முதல் வரியில் இருக்கிறார். எந்த ஊர் என்று அவர் என்னைக் கேட்டதும் திருநெல்வேலி என்றேன், அதற்குப் பிறகு காசை எடுக்கவிடவில்லை.

நேற்று மாலை பா நம்மின் பேரனுக்கு ஸாலோ வழியாக எழுதினேன். அங்கே எல்லோரும் பயன்படுத்தும் செயலி அது. பாட்டியின் முழுப் பெயரைக் கேட்டேன். அவன் பாட்டியிடம் கேட்டுவிட்டு, பெயர் எதற்கு, எல்லோரும் அழைப்பதையே போடச் சொல்கிறார் என்று எழுதினான். கூடவே, என் வீட்டில் நான் எத்தனையாவது பிள்ளை என்றும் பாட்டி கேட்கச் சொன்னாராம். மூத்தவன் என்றேன். அப்படியானால் எனக்கு அங்கே ‘ஹாய்’ என்று பெயர். அவர்கள் கணக்கில் இரண்டு. இத்தனை நாளும் என்னை ‘பாய் வாங்காமல் பாய் பார்த்த இந்தியன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம்.

இரண்டு பெயரையும் நெய்ய இடம் இருக்குமா, அக்கா? கூலியையும் கோரை விலையையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இதில் நீங்கள் வாங்க மறுத்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

---

பத்தமடை மருமகள் எழுதியது:

கூலியை மறுக்க மாட்டேன், தம்பி. இது எங்கள் பிழைப்பு. இடம் இருக்கிறது. ‘பா நம்’ மேல் ஓரத்தில் வரும், ‘ஹாய்’ கீழ் ஓரத்தில் வரும். கட்டம் போட்ட தாளில் எழுத்துகளை ஒரே உயரத்தில் வரைந்து கொண்டுவாருங்கள். ‘ஹா’ என்ற எழுத்தை இதுவரை எந்தப் பாயிலும் நெய்ததில்லை, வளைவுகள் அதிகம்; ஓர் ஓரத்தில் நெய்து பார்த்துவிட்டுத்தான் தடுக்கில் கை வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தவிர என்றைக்கும் வரலாம். அந்தப் பாயை மறக்காமல் கொண்டுவாருங்கள், என் மாமியார் பார்க்க வேண்டும் என்கிறார்.